பதில் பெட்டி

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஜெசிந்தா டீச்சருக்குச் சண்டை நாள். மத்தியானம் பிள்ளைகள் எழுத உட்கார்ந்ததும் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிடுவாள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே கண்ணுக்கெட்டிய மட்டும் உப்பளம். உப்பில் பட்டுத் தெறிக்கிற வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மாத அறிக்கையை வாயால் சொல்லுவாள். அறிக்கை என்பது எழுத்தறிவுத் திட்ட அலுவலகம் வைத்த பெயர். அவள் சொன்னதெல்லாம் ஏச்சு.

2047 ஆகஸ்டில் அவள் சொன்னது இது.

“கைகாட்டி வந்து மூணு மாசம் ஆச்சு. என் ஒண்ணாம் வகுப்புல இருபத்திமூணு பிள்ளைங்க. இருபத்திமூணும் எழுதுது. ஒண்ணுக்கும் எழுதத் தெரியாது. போன மாசமும் இதத்தான் சொன்னேன், அதுக்கு முந்தின மாசமும் சொன்னேன். தயவுசெஞ்சு கழத்திக்கிட்டுப் போயிருங்க.”

அனுப்பினாள். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. தங்கள் அறிக்கை கிடைத்தது, தங்கள் ஈடுபாட்டுக்கு நன்றி. அதன் கீழே, அறிக்கையின் நகலைப் பார்க்க இங்கே தொடவும் என்று ஒரு வரி. போன மாதம் வந்ததும் இதுவேதான். செவிடன் காதில் சங்கு ஊதினால் ஊதுகிறவனுக்காவது சத்தம் கேட்கும், இதில் அதுகூட இல்லை என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. டேப்லெட்டைப் படாரென்று மூடினாள்.

கைகாட்டி என்பது பிள்ளையின் மணிக்கட்டில் கட்டுகிற ஒரு பட்டை. எழுதும்போது சின்னப் பிள்ளைகள் வாய்க்குள் முணுமுணுக்கும் அல்லவா, அந்த முணுமுணுப்பை அது கேட்கும். கேட்டு, விரல்களுக்குப் போகும் தசையை மெல்லக் கிள்ளிக் கிள்ளி, பென்சிலைச் சரியான எழுத்துக்குக் கொண்டுபோகும். பிள்ளைக்கு லேசாகக் கூச்சம் காட்டுகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பென்சிலைப் பிடிக்கவே தெரியாத பிள்ளை முப்பது நாளில் முத்து முத்தாக வரி எழுதியது. உப்பளத்தில் உப்பு வாரும் பலகையை இழுத்துக் கை காய்த்துப் போன பெற்றோர், பிள்ளையின் கையெழுத்தைப் போட்டோ எடுத்துச் சொந்தபந்தம் முழுக்க அனுப்பினார்கள். முதல் வகுப்பில் நூற்றுக்கு நூறு எழுத்தறிவு வந்துவிட்டது என்று அறிவிப்பும் வந்தது. ஊரே சிரித்துக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா டீச்சர் ஒருத்திதான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. இருபத்தாறு வருஷமாக அந்த வழியில்தான் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்து வந்தாள். வகுப்பு மூலையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. மூடியில் உண்டியல் போலக் கீறல். அதற்குப் பெயர் பதில் பெட்டி. பள்ளி திறந்த முதல் நாளே பிள்ளையிடம் ஒரு துண்டுத்தாளைக் கொடுத்து, எனக்கு என்ன சொல்லணுமோ எழுதிப் போடு என்பாள். எழுதத் தெரியாதே என்று பிள்ளை முழிக்கும். தெரிஞ்ச மாதிரி போடு என்பாள். பிள்ளை கோடு கிழிக்கும், வட்டம் போடும். அது என்னவென்று பிள்ளையையே வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, அன்று சாயங்காலத்துக்குள் பதில் எழுதிக் கொடுத்துவிடுவாள். அகரவரிசையெல்லாம் பின்னால் மெதுவாக வரும். சிவப்பு மையை அவள் தொட்டதே கிடையாது. எதிரே இல்லாத ஆளிடம் பேசுவதுதான் எழுத்து, பேசுகிறவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே தவிரத் திருத்தக் கூடாது, இதுதான் அவள் கட்சி.

ஒரு வருஷம் ஒரு பையன், கோழி செத்துட்டு என்று பாதி எழுத்தைத் தலைகீழாக எழுதிப் போட்டான். எப்படிச் செத்தது என்று பதில் போட்டாள். மறுநாள் மூன்று வரி வந்தது. அதில் நாய் வந்தது, பக்கத்து வீட்டுக்காரர் வந்தார், ஒரு கெட்ட வார்த்தையும் வந்தது. ஒரு மாதத்தில் அந்தப் பையனைப் போதும் நிறுத்து என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. பதில் வரும் என்று தெரிந்தால் எழுத்தைத் தேடிக்கொண்டு பிள்ளை தானே வரும் என்று யாரைக் கண்டாலும் சொல்லுவாள்.

இந்தப் பெட்டிக்காக அவள் சில கண்டிப்புகள் வைத்திருந்தாள். எழுதுகிற பிள்ளையின் பக்கத்தில் யாரும் போய் நிற்கக் கூடாது, அவளே ஆனாலும். சீட்டு பிள்ளைக்கும் டீச்சருக்கும் நடுவில் உள்ளது, தாய் தகப்பன் பிரித்துப் பார்க்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, முக்கியமான எதையும் அவளிடம் வாயால் வந்து சொல்லக் கூடாது. பக்கத்துப் பிள்ளை கிள்ளியதா, பென்சில் தொலைந்ததா, எழுதிப் போடு. வயிற்று வலிக்கு ஒரு வயிறு வரைந்து அதன் மேல் கோடு கிழித்துப் போட்ட பிள்ளைகள் உண்டு. சொல்லியாக வேண்டும் என்கிற அவசரம் இருந்தால்தான் பிள்ளை எழுதும், அந்த அவசரத்தை வாயால் தீர்த்துவிட்டால் கைக்கு என்ன மிச்சம் என்பாள்.

கைகாட்டி வந்த பிறகும் பெட்டியை அவள் எடுக்கவில்லை. எடுத்தால் தோற்றது போல. ஆனால் பெட்டியில் விழுந்த சீட்டுகளைப் பிரித்தால் உப்புச் சப்பில்லாமல் இருந்தன. என் பள்ளி அழகானது. என் அம்மா அன்பானவர். மரங்கள் நமக்கு நிழல் தருகின்றன. உப்பளத்துப் பிள்ளை மர நிழலை எங்கே கண்டது? பட்டை கிடைத்ததும் சோம்பேறிக் கழுதைகள் பாடப்புத்தகத்தையே முணுமுணுக்கப் பழகிவிட்டன என்று எரிச்சலோடு நினைத்துக்கொண்டாள். அவள் மொத்தக் கோபமும் அந்தச் சோம்பலின் மேலும் அதை வளர்த்த பட்டையின் மேலும்தான். ஆனாலும் கண்டிப்பு கண்டிப்புதானே. ஒவ்வொரு சீட்டுக்கும் பதில் எழுதினாள்.

அந்த ஆகஸ்டு வெள்ளிக்கிழமை, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றபோது, சுடலைக்கனி என்கிற ஆறு வயதுப் பிள்ளை எழுதுவதை விட்டுவிட்டு வெளியே வந்தாள். உப்பளத் தொழிலாளி சந்தனமாரியின் மகள். அதிகம் பேசாத பிள்ளை.

“டீச்சர், என் கண்ணு...”

“ஏட்டி கனி, என்ன சொல்லியிருக்கேன்? எழுதிப் பெட்டில போடு. பதில் போடுதேன்லா.”

கனி உள்ளே போய், வாயை அசைத்து அசைத்து எழுதி, மடித்துப் பெட்டியில் போட்டாள். சாயங்காலம் டீச்சர் அதைப் பிரித்தாள். அச்சடித்த மாதிரி கையெழுத்து. எனக்கு என் வகுப்பறை மிகவும் பிடிக்கும். கண்ணைப் பற்றி ஒன்றும் இல்லை. தூசி விழுந்திருக்கும், போயிருக்கும் என்று நினைத்து, வழக்கம்போலப் பதில் எழுதினாள். எனக்கும் பிடிக்கும் கனி, உனக்கு எந்த மூலை ரொம்பப் பிடிக்கும்?

நாலு மாதம் ஓடியது. நாலு வெள்ளிக்கிழமை ஏசினாள், நாலு நன்றி வந்தது.

ஜனவரியில் ஒரு காலை, பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுத்துக்கொண்டு வந்தவள் கனியின் இடது பக்கத்தில் நின்று கிண்ணத்தை நீட்டினாள். கனி வாங்கவில்லை. நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். திமிரா உனக்கு என்று கேட்க வாயெடுத்தவள், ஏதோ தோன்றி, கிண்ணத்தை மெல்ல முன்பக்கமாக நகர்த்திக்கொண்டு வந்தாள். மூக்குக்கு நேராக வந்ததும் கனி சிரித்துக்கொண்டு கை நீட்டினாள்.

டீச்சர் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கனியின் வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மற்றக் கையின் விரல்களை அவள் முகத்துக்கு முன்னால் விரித்துக் காட்டினாள்.

“இது எத்தன?”

“எது டீச்சர்?”

அன்றைக்கே சந்தனமாரியை உப்பளத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டு திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினாள். கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இடது கண்ணில் புரை என்றார். பெரியவர்களுக்கு வருகிறதுதான், அபூர்வமாகப் பிள்ளைகளுக்கும் வரும், எடுப்பது பெரிய வேலை இல்லை என்றார். ஆனால் அவர் முகம் தெளியவில்லை.

“சின்ன வயசுல ஒரு கண்ணு மங்கிட்டா, மூளை அந்தக் கண்ண நம்புறத விட்டுடும். மத்தக் கண்ண மட்டும் வச்சுப் பழகிக்கும். அப்புறம் புரைய எடுத்தாலும் கண்ணு நல்லாத்தான் இருக்கும், பார்வை வராது. மங்க ஆரம்பிச்ச அன்னைக்கே வந்திருந்தா நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன். இவ யார்ட்டயும் சொல்லவே இல்லையா?”

டீச்சர் சந்தனமாரியைப் பார்த்தாள். பெற்றவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்கிற பார்வை. சந்தனமாரியும் அவளை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் உட்கார்ந்திருந்த கனிதான் பதில் சொன்னாள்.

“டீச்சருக்கு எழுதினேனே.”

சந்தனமாரி பிறகு சொன்னது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பிள்ளை தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதைப் புரட்டாசியிலேயே கவனித்து, என்னவென்று கேட்டாளாம். டீச்சருக்கு எழுதிப் போட்டாச்சு, டீச்சர் பதிலும் போட்டுட்டாவ என்று கனி ஒரு சீட்டை ஆட்டிக் காட்டினாளாம். சந்தனமாரி அதை வாங்கிப் படிக்கவில்லை. படிக்கக் கூடாது என்று ஜூன் மாதக் கூட்டத்தில் டீச்சர்தானே சொல்லியிருந்தாள். டீச்சருக்குத் தெரிந்துவிட்டது, பயப்படும்படியாக இருந்தால் சொல்லி அனுப்ப மாட்டார்களா என்று சும்மா இருந்துவிட்டாள்.

ஊருக்குத் திரும்பியதும் டீச்சர் கனியின் உறையை எடுத்தாள். ஒவ்வொரு பிள்ளையின் சீட்டுகளையும் தனித்தனி உறையில் போட்டு வைப்பது அவள் பழக்கம். கனியின் உறையில் நாற்பத்தோரு சீட்டு இருந்தது. எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் படித்தாள். எனக்கு விளையாட்டு பிடிக்கும். நான் தினமும் பல் துலக்குவேன். பசு பால் தரும். கண் என்ற சொல் ஒன்றில்கூட இல்லை. பிள்ளை பயத்தில் பொய் சொல்லிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். நினைத்தபோது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. வாரம் தவறாமல் பெட்டியில் சீட்டுப் போட்டவள் அந்தப் பிள்ளை ஒருத்திதான். பசு பால் தரும் என்று சொல்லவா ஒரு பிள்ளை வாரா வாரம் எழுந்து வரும்?

பட்டைகளைப் பார்த்துச் சரிசெய்ய மாதம் ஒரு முறை வருகிற செல்வின் மறுநாள் வந்தான். முப்பது வயது, நல்ல பையன், யாரையும் பகைத்துக்கொள்ளாதவன். அவனை உட்கார வைத்து, கனியின் பட்டை அவள் முணுமுணுத்ததை எழுதியதா இல்லையா என்று கேட்டாள். அவன் நெளிந்தான். நான் ரிப்பேர் பார்க்கிற ஆள் மேடம், மேலிடத்து விஷயம் எனக்கு எதுக்கு என்றான். அவள் விடவில்லை.

“பிள்ள சொல்றத அப்படியே எழுதினா பாதி வாக்கியம் தப்பா வரும் மேடம். தேர்ச்சி விழுந்திரும். அதனால ஒண்ணாம் வகுப்புக்குன்னு ஆயிரத்தி இருநூறு வாக்கியம் உள்ள வச்சிருக்கு. பிள்ள என்ன சொன்னாலும், அதுல கிட்டத்துல இருக்கிற வாக்கியத்துக்குக் கை போயிரும்.”

“கண்ணு தெரியலன்னு ஒரு வாக்கியம் அந்த ஆயிரத்தி இருநூறுல இல்லையா?”

“இருந்துச்சு மேடம். எடுத்துட்டாங்க. போன வருஷம் வேற எங்கயோ ஒரு பிள்ள, எங்க சார் வகுப்புல தூங்குறார்னு எழுதிட்டு. அது பெரிய செய்தியாயிட்டு. அப்புறம் வருத்தமோ புகாரோ எதுவும் பிள்ள கையில வரவேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க.”

முணுமுணுப்பு முப்பது நாளைக்குப் பட்டையில் தங்கும் என்று அவன் வாய் தவறிச் சொன்னான். போட்டுக் காட்டு என்றாள். அவன் தயங்கித் தயங்கிப் போட்டான். டேப்லெட்டில் ஒரு பக்கம் தேதியும் கை எழுதிய வாக்கியமும் வந்தன. கூடவே கனியின் குரல், காதோடு சொல்வது போல.

“டீச்சர், எனக்கு இந்தப் பக்கம் தெரியல.” எனக்கு விளையாட்டு பிடிக்கும்.

“டீச்சர், எனக்கு இந்தப் பக்கம் தெரியல.” பசு பால் தரும்.

“டீச்சர், நீங்க போட்ட பதிலு எனக்குப் படிக்கத் தெரியல. என்ன போட்டிருக்கிய?” நான் என் ஆசிரியரை மதிக்கிறேன்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளுடையதையும் போடச் சொன்னாள். எங்கப்பா நேத்தும் வீட்டுக்கு வரல என்றது ஒரு குரல். எனக்குப் பசிக்கு என்றது ஒன்று. டீச்சர் மரம் எங்க இருக்கு என்று ஒரு பையன் கேட்டிருந்தான். சோம்பேறிக் கழுதைகள் என்று அவள் நினைத்த இருபத்திமூன்று பேரும் எட்டு மாதமாக அவளிடம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவளும் எட்டு மாதமாகப் பதில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள், பட்டைக்கு. நாலாவது பிள்ளையோடு போதும் என்று நிறுத்தச் சொன்னாள்.

செல்வின் எழுந்து போகாமல் நின்றான்.

“இன்னொண்ணு இருக்கு மேடம். சொன்னா என் மேல கோவப்படக் கூடாது. உங்க மாத அறிக்கையையும் இதே மிஷின்தான் எழுதுது. நீங்க அந்த நகல தொட்டுப் பாத்ததே இல்லையா?”

அவள் தொட்டதில்லை. கோபத்தில் மூடிவிடுவதுதான் வழக்கம். இப்போது தொட்டாள். ஆகஸ்டு மாத அறிக்கை திறந்தது. கைகாட்டி வழங்கப்பட்டு மூன்று மாதங்கள் நிறைவடைந்தன. வகுப்பின் இருபத்துமூன்று மாணவர்களும் எழுதுகின்றனர். இதனைக் கடந்த மாதங்களிலும் தெரிவித்துள்ளேன். இத்திட்டம் தொடர வேண்டுகிறேன். கீழே அவளுடைய பெயர். அதற்குப் பிந்தைய மாதங்களில் ஏச்சு கூடக் கூட, நகலில் பாராட்டும் கூடிக்கொண்டே போயிருந்தது.

“மாநிலத்துலயே அதிகமாப் பாராட்டின டீச்சர் நீங்கதான்,” என்றான் செல்வின். “ரெண்டாம் வகுப்புக்கும் குடுக்கலாம்னு முடிவு பண்ணினதுக்கு உங்க அறிக்கையத்தான் காட்டுதாங்க.”

அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? எழுதியதைத் திரும்ப ஒரு தடவை வாசி என்று இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகள் காதைப் புண்ணாக்கியவள், தன்னுடையதை ஒரு தடவை வாசிக்கவில்லை. அலுவலகத்தை வெறுத்தாள், பட்டை செய்தவனை வெறுத்தாள். ஆனால் அன்றைக்கு வராந்தாவில் கனி அவள் முன்னால் வந்து நின்றாளே, அப்போது அந்தப் பிள்ளையின் வாயை எந்தப் பட்டையும் கட்டியிருக்கவில்லை. கட்டியது அவள்தான். வெறுத்து முடித்த பிறகும் இது மட்டும் மிச்சமாக நின்றது.

கனிக்குப் புரை எடுத்தார்கள். நல்ல கண்ணைத் தினமும் நாலு மணி நேரம் துணி வைத்து மூட வேண்டும், மூடினால்தான் மூளை வேறு வழியில்லாமல் இடது கண்ணைத் தேடும் என்று டாக்டரம்மா சொன்னார். தேடிக் கண்டுபிடிக்குமா என்று கேட்டதற்கு, வருஷம் போய்த்தான் தெரியும் என்றார். மூடுகிற வேலையைப் பள்ளிக்கூட நேரத்தில் டீச்சர் ஏற்றுக்கொண்டாள். கனி படுக்கையில் கிடந்த நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சேர்த்து வைத்திருந்த, தான் எழுதிய நாற்பத்தோரு பதிலையும் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். உனக்கு எந்த மூலை ரொம்பப் பிடிக்கும். எந்த விளையாட்டு. உங்கள் வீட்டில் பசு இருக்கிறதா. கனி கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

பட்டைகளையெல்லாம் கழற்றி ஒரு சாக்கில் கட்டிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். கழற்றிய மறுநாள் வகுப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. முத்து முத்தாக எழுதிய கைகள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தன. எங்கே இழுக்க வேண்டும் என்று யாராவது கிள்ளுவார்கள் என்று காத்திருந்தன. இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். ஒரு பையன் பட்டையைக் கேட்டு உருண்டு புரண்டான். முதல் நாள் பாடத்தை ஜனவரியில் ஆரம்பித்தாள், கோட்டிலிருந்தும் வட்டத்திலிருந்தும். பிப்ரவரிக் கடைசியில் வாசலில் பெற்றோர் வந்து நின்றார்கள். நல்லா எழுதிட்டிருந்த பிள்ளையக் கெடுத்துட்டியளே டீச்சர் என்று அடித்துச் சொன்னார்கள். அவர்கள் பிள்ளைகளின் குரலைப் போட்டுக் காட்டலாம் என்றால், முப்பது நாள் முடிந்து அதுவும் அழிந்திருந்தது. சந்தனமாரி மட்டும் அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை, திட்டவும் இல்லை, ஆதரவாகவும் பேசவில்லை. டீச்சருக்கு அதுதான் அதிகம் வலித்தது.

அலுவலகத்துக்கு நேரடியாகக் கையால் ஒரு கடிதம் எழுதினாள். மூன்று பக்கம். கனியின் கண், ஆயிரத்து இருநூறு வாக்கியம், தன்னுடைய பிழை, எதையும் விடவில்லை. எழுதி முடித்துச் சத்தமாக இரண்டு தடவை வாசித்துப் பார்த்தாள். பதிவுத் தபாலில் அனுப்பினாள். மார்ச் மாதம் ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு பதில் வந்தது. தங்கள் கையெழுத்துக் கடிதம் ஸ்கேன் செய்து வாசிக்கப்பட்டது. கைகாட்டி குறித்த தங்கள் உளமார்ந்த பாராட்டுக்கு நன்றி. தங்கள் கையெழுத்தில் சில இடங்கள் தெளிவாக இல்லாமையால் ஆசிரியர்களுக்கான புதிய கைகாட்டி ஒன்று இத்துடன் அனுப்பப்படுகிறது. பெட்டிக்குள் பெரியவர்கள் மணிக்கட்டுக்கு ஏற்ற ஒரு பட்டை இருந்தது, நல்ல கறுப்பு நிறத்தில்.

அதையும் சாக்கில் போட்டுப் பூட்டினாள். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அலுவலகத்துக்கே நேரே போய், மேசைக்கு எதிரே நின்று, உட்கார்ந்திருக்கிற மனுஷனின் முகத்தைப் பார்த்து வாயால் சொல்வது என்று முடிவு செய்தாள். கேட்கிற ஆள் ஒருத்தர் அந்தக் கட்டடத்தில் இல்லாமலா போய்விடுவார்? இல்லாமலும் இருக்கலாம் என்று அவளுக்கு உள்ளூரத் தெரிந்திருந்தது.

அட்டைப்பெட்டி வந்த அன்று மத்தியானம் பதில் பெட்டியில் ஏழெட்டுச் சீட்டு கிடந்தது. எல்லாம் கோடும் வட்டமும், ஒன்றில் ஒரு மீன். அடியில் ஒரு சீட்டில் மட்டும் எழுத்து இருந்தது. தாள் முழுவதும் அடைத்துக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வரி மேற்கே போய்க் கிழக்கே திரும்பி, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் பின்பக்கத்துக்குப் போயிருந்தது. நல்ல கண்ணை மூடி, மங்கிய கண்ணால் தாளில் மூக்கை வைத்து எழுதியது. டீச்சர் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

நான் சொன்னேன்.

இருபத்தாறு வருஷத்தில் எந்தச் சீட்டுக்கும் அவள் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. சொல்ல நிறைய இருந்தது. பட்டையைப் பற்றிச் சொல்லலாம், அலுவலகத்தைப் பற்றிச் சொல்லலாம். எதையும் எழுதவில்லை. ஆமாம் கனி, நான் கேட்கவில்லை என்று பெரிய பெரிய எழுத்தாக எழுதினாள். பெட்டி மேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடாமல், கனியின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து வாசித்துக் காட்டினாள்.

கனி கேட்டுக்கொண்டாள். பிறகு மூடாத கண்ணை டீச்சரின் முகத்துக்கு வெகு அருகே கொண்டுவந்து, அங்கே என்ன இருக்கிறது என்று தேடினாள்.

“அப்பம் இனிமே வாயால சொல்லட்டா டீச்சர்?”

“சொல்லு.”

“எனக்கு இந்த வகுப்புல எந்த மூலையும் பிடிக்காது.”